விராலுக்கு வைத்த குறி

எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் நான் குறி தவறியவன் என்றுதான் சொல்வார்கள். நம்பாதீர்கள். அன்று கிணற்றடியில் என் குறி சரியாகத்தான் இருந்தது. மீன்தான் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கல்யாணம் ஆனதிலிருந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவரும் காதில் வாங்குவதாக இல்லை. எழுதினால் குறுக்கே பேச ஆள் இருக்காது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் என் படிப்பைச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பில் பாதி. மீதிப் பாதி வகுப்பில் நடந்துகொண்டிருந்தபோது நான் திண்டுக்கல்லிலிருந்து கிளம்பிய ஒரு தக்காளி லாரியின் மேல் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு லாரியில் கிளீனர், போர்வெல் வண்டியில் குழாய் மாட்டுகிறவன், கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை எடுக்கிறவன். சில இடங்களில் சம்பளம் கொடுத்தார்கள், சில இடங்களில் சோறு கொடுத்தார்கள், ஓரிடத்தில் அடி கொடுத்தார்கள். ஒரு ஊர் பழகி, டீக்கடைக்காரர் என் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும், எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிடும்.

கடைசியாகப் போய்ச் சேர்ந்தது கீழக்கரைப் பக்கம், சங்கு குளிக்கிற படகில். காலில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கடலின் தரைவரை போய்ச் சங்கு பொறுக்குகிற வேலை. முதல் வாரம் காதில் ரத்தம் வந்தது. அடுத்த வாரம் நின்றுவிட்டது. வேலை நன்றாகத்தான் இருந்தது.

சங்கு கிடைக்காத நாளிலும் சோற்றுக்கு வெஞ்சனம் வேண்டுமே. அதற்காகப் படகில் ஆளுக்கொரு மீன் துப்பாக்கி வைத்திருந்தோம். (துப்பாக்கி என்றதும் பயப்பட வேண்டாம். மருந்தும் கிடையாது, குண்டும் கிடையாது.) இரண்டு முழத்தில் ஒரு மரக்கட்டை. பின்பக்கம் விசை. முன்பக்கம் இரண்டு தடித்த ரப்பர் குழாய். மேலே இரும்புக் கம்பி. கட்டையை நெஞ்சில் முட்டுக்கொடுத்து, ரப்பரை இழுத்துக் கம்பியில் மாட்ட வேண்டும். விசையைத் தட்டினால் கம்பி பாயும். கம்பி முனையில் குத்தியவுடன் விரிந்துகொள்ளும் கொக்கி ஒன்று. கம்பி தொலையாமல் இருக்க, அதன் வாலிலிருந்து கட்டைவரை ஒரு நைலான் கயிறு. சின்ன வயதில் கவட்டையில் ஓணான் அடித்தவனுக்கு இது ஒன்றும் புதுச் சாமானில்லை.

இதில் சுடுவதற்கு எங்கள் படகில் இரண்டு கட்சி இருந்தது. ஒன்று கண்ணுக் கட்சி. ஒற்றைக் கண்ணை மூடி, கம்பியின் முனையையும் மீனையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து, நிதானமாகக் குறிபார்த்துச் சுடுகிறவர்கள். என் வயதுக்காரன் ராயப்பன் அந்தக் கட்சியின் தலைவர். அவன் கோடு போட்டு முடிப்பதற்குள் மீன் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விடும்.

நான் கைக் கட்சி. குறியே பார்க்கக் கூடாது என்பது எங்கள் கொள்கை. தண்ணீருக்கடியில் கண்ணாடி போட்டுப் பார்க்கும்போது மீன் பெரிதாகவும் பக்கத்திலும் தெரியும். கண்ணை நம்பினால் மோசம் போவோம். அதனால் மீனின் செவுளுக்குப் பின்னால் ஒரே ஒரு புள்ளியைப் பார்க்க வேண்டும். கம்பியைப் பார்க்கக் கூடாது, கட்டையைப் பார்க்கக் கூடாது, எந்தக் கண்ணையும் மூடக் கூடாது. கை தானாக அங்கே போகும். கரண்ட் போன நேரத்தில் சாப்பிடுகிறவன் வாய் எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்தா சோற்றை வைக்கிறான்?

இந்த முறையில் நான் தவறவிட்ட மீன்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். (இன்னொரு கையும் வேண்டும் என்பான் ராயப்பன். அவன் எதிர்க்கட்சி.)

இப்படி இருக்கும்போதுதான் அம்மாவிடமிருந்து போன் வந்தது. அப்பா இல்லாத வீடு. அம்மா திண்டுக்கல்லில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து நூல் மில்லுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"ஏலே சவரி, பொண்ணு ஒண்ணு அமஞ்சிருக்குடா. தாடிக்கொம்புக்கு அங்கிட்டு. நம்ம வேதந்தான். மல்லிகைத் தோட்டம், கெணறு எல்லாம் இருக்கு. ரெண்டு எடத்துல ஊர்சுத்திப் பயலுக்குப் பொண்ணு இல்லேன்னுட்டாங்க. இது மூணாவது. இதையும் கெடுத்தேன்னா நான் உனக்குப் பாக்கவே மாட்டேன், ஆமா."

போட்டோ அனுப்பியிருந்தார். பெயர் ஜெயராணி. தினமும் விடியற்காலையில் அப்பாவின் பூவைத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் விலை பேசுவது அவள்தானாம். போட்டோவில்கூட யாரிடமோ விலை படியாத மாதிரித்தான் நின்றுகொண்டிருந்தாள். நான் அந்தப் போட்டோவை அன்றைக்கு எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் என் மரியாதை போய்விடும். எனக்குக் கால் அரிப்பு நின்றுவிட்டது. இருபத்தெட்டு வயதில் முதல்முறையாக, ஒரே இடத்தில் இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. பஸ் ஏறிவிட்டேன்.

பெண் பார்க்கப் போன நாள் வெள்ளிக்கிழமை. அதுவும் பாஸ்குவுக்கு (ஈஸ்டருக்கு) முந்திய தவக்கால வெள்ளிக்கிழமை. எங்கள் வேதத்தில் அன்றைக்கு ஆடு, கோழி எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது, சுத்தபோசனம். அப்படிப்பட்ட நாளில் யாரும் பெண் பார்க்கப் போகமாட்டார்கள். ஆனால் அம்மாவுக்கு மில்லில் அந்த வாரம் வெள்ளிக்கிழமைதான் லீவு.

கிளம்பும்போது அம்மா என் தோளைப் பார்த்து அலறினார்.

"அதை எதுக்குடா தூக்கிட்டு வார?"

"என்ன வேலைன்னு கேட்டா காட்ட ஏதாச்சும் வேணுமில்ல?"

"வாத்தியார் மாப்ள போர்டையா தூக்கிட்டுப் போறான்?"

நான் கேட்கவில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் மீன் துப்பாக்கி, அதில் தொங்கும் முக்குளிக் கண்ணாடி. மினி பஸ்ஸில் எங்களைச் சுற்றி நல்ல இடம் கிடைத்தது.

பெண்ணின் அப்பா சூசை மாமா மெலிந்த ஆள். பேசுவதற்குக் கூலி கொடுக்க வேண்டியதுபோல அளந்துதான் பேசுவார். வாசலில் வரவேற்றவர் அதற்குள் இரண்டு தடவை கரண்ட் கம்பத்தைப் பார்த்துவிட்டார்.

"இன்னைக்கு மத்தியானம்தான் த்ரீ பேஸ் வரும். பங்குனி உத்திரத்துக்குப் பூவு மொட்டு கட்டி நிக்குது. இன்னைக்குத் தண்ணி பாயலேன்னா அம்புட்டும் கருகிரும்" என்றார். கரண்ட் எந்த நிமிடம் வந்தாலும் மோட்டார் தானாக ஓடுவதற்கு ஆட்டோமேட்டிக் மாட்டியிருப்பதையும் சொன்னார். நான் தலையாட்டினேன். என் கவனம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நடமாடிய ஒரு பச்சைச் சேலையில் இருந்தது.

அந்த வீட்டில் மாமாவின் பேச்சு செல்லாது என்பது உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது. எல்லாம் அவருடைய அக்கா. பெயர் ஞானம்மாள். நத்தத்தில் மாந்தோப்பும் புளியந்தோப்பும் உள்ளவர். மாம்பழ நிறத்தில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி என்ன வேலை பாக்குது?"

"கடல்ல வேலை பாக்குறான் மதினி" என்றார் அம்மா.

"கடல்ல எங்கிட்டு?"

"அடியில" என்றேன் நான்.

ஞானம்மாள் என் முகத்தைப் பார்த்தார், தோளில் இருந்த கட்டையைப் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார். சூசை மாமா கரண்ட் கம்பத்தைப் பார்த்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது.

ஜெயராணி காபி கொண்டுவந்தாள். போட்டோ பொய் சொல்லவில்லை. டம்ளரை நீட்டும்போது கட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதுல எத்தனை சுட்டிருக்கீங்க?" என்றாள். எண்ணிக்கை சொல்ல வாயைத் திறப்பதற்குள் அத்தை அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போன வீட்டில் காபி, பலகாரம் எது வேண்டுமானாலும் சாப்பிடலாம். ஆனால் இலை போட்டுச் சோறு சாப்பிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். கை நனைப்பது என்பார்கள். வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். சோறு போடாமல் அனுப்பிவிடுவார்கள்.

ஞானம்மாள் அதைத்தான் செய்தார், அதுவும் பக்தியோடு.

"மொத மொதல்ல கை நனைக்கிற சம்பந்திக்கு முருங்கக்காச் சாம்பாரா ஊத்துறது? ஊரு சிரிச்சிராது? வெள்ளிக்கெழமையா வந்துட்டீங்க, ஒரு கோழி அடிக்க வழியில்ல. பாஸ்கு கழியட்டும் மதினி. பெறகு பாப்போம்."

பெறகு பாப்போம். ஏற்கனவே இரண்டு வீடுகளில் இதே வார்த்தைகளைக் கேட்டுவிட்டு வந்தவர் அம்மா. தலையைக் குனிந்துகொண்டு பையின் வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தார். மில்லில் ஒரு வாரம் நின்ற கால்களோடு லீவு நாளில் இவ்வளவு தூரம் வந்த அம்மா அப்படிக் குனிந்ததும் எனக்கு எங்கிருந்தோ வேகம் வந்துவிட்டது.

"சுத்தபோசனத்துக்கு மீன் ஆகுமில்ல?" என்றேன்.

"ஆகும்" என்றார் சூசை மாமா. "பங்குச் சாமியாரே சொல்லியிருக்காரு."

"மீனும் கவிச்சிதானடா?" என்றார் அக்கா.

"ஆகும்க்கா. நீயே போன வருசம் நெத்திலி தின்ன."

ஞானம்மாள் வேறு வழியாக வந்தார். "இந்த ஊருக்குள்ள இந்நேரம் மீனுக்கு எங்க போறது?"

ஜன்னல் பேசியது. "நம்ம கெணத்துல விரால் கெடக்கே அத்தை. வலைக்கும் வரல, தூண்டிலுக்கும் வரல. இவரு சுடுவாரில்ல, சுடட்டும்."

அவள் எனக்காகப் பேசினாளா, வேடிக்கை பார்க்கப் பேசினாளா என்று அப்போது தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் சரி. நான் எழுந்து நின்றேன்.

"மசாலாவை அரைக்கச் சொல்லுங்க. மீனோட வாரேன்" என்றேன்.

(இந்த வாக்கியத்தை அடக்கமாகச் சொல்லியிருக்கலாம் என்கிறார்கள். ஏன் அடக்கம்? மீன் சுடத் தெரிந்த ஒரே மாப்பிள்ளை நான்தானே?)

கிணறு பெரிய பாறைக் கிணறு. சுவரோரமாகக் கல் படிகள் சுற்றிக்கொண்டு தண்ணீர்வரை இறங்கின. எதிர்ச் சுவரை ஒட்டிக் கருப்பு ஓஸ் ஒன்று மேலிருந்து தொங்கி, தண்ணீருக்குள் மூழ்கியிருந்த மோட்டாருக்குப் போனது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அந்த ஓஸுக்கு முன்னால், என் முழங்கையைப் போல இரண்டு மடங்கு நீளத்தில், கிணற்றுக்கே பட்டா வாங்கியதுபோல நின்றது விரால்.

நான் சட்டைப் பொத்தானில் கை வைத்தேன். மேலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஏலே! பொண்ணு வீட்டுல வந்து உரிச்சுப் போட்டு நிக்கப்போறியா? அவுத்தே, நான் இந்தக் கெணத்துலயே விழுந்திருவேன்."

வெள்ளை வேட்டி சட்டையை நனைத்துக்கொண்டு இலைமுன் உட்காரவும் முடியாது. ஆக, குதிக்க வழியில்லை. படியில் நின்றுதான் சுட வேண்டும். தண்ணீருக்குள் இருந்துகொண்டு மீனைச் சுட்டிருக்கிறேனே தவிர, வெளியே நின்றுகொண்டு சுட்டதில்லை. வெளியே நின்று பார்த்தால் மீன் அசல் இடத்தைவிட மேலே தெரியும், அதற்குக் கீழே சுட வேண்டும் என்று ராயப்பன் எப்போதோ சொல்லியிருந்தான். ஆனால் கீழே என்றால் எவ்வளவு கீழே? அதற்குக் கணக்குப் போட வேண்டும். கணக்கு என்பது கண்ணுக் கட்சியின் வேலை. பெண் பார்க்க வந்த இடத்தில் கட்சி மாற எனக்கு மனம் வரவில்லை.

மேலே எல்லோரும் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். சத்தம் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் கைபேசியோடு வந்துவிட்டார்கள். பச்சைச் சேலை ஓரமாக நின்றது. ரப்பரை இழுத்து மாட்டினேன். இரண்டு கண்ணையும் திறந்துவைத்தேன். செவுளுக்குப் பின்னால் ஒரு புள்ளி. கையை அதன் போக்கில் விட்டேன். விசையைத் தட்டினேன்.

கம்பி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. விரால் இருந்த இடத்தில் ஒரே கலங்கல். நைலான் கயிறு விறைத்தது. இழுத்துப் பார்த்தேன். கனம் என்றால் அப்படி ஒரு கனம்!

"மாட்டிருச்சு!" என்று கத்தினேன்.

மேலே கைதட்டல். அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். ஞானம்மாளே, "ஏட்டி, புளியக் கரைச்சுக் கொழம்பக் கூட்டச் சொல்லுங்கடி" என்று வீட்டுப் பக்கம் குரல் கொடுத்ததை என் இரண்டு காதாலும் கேட்டேன். என் வாழ்க்கையின் மிகச் சிறந்த அரை நிமிடம் அது.

படியில் காலை ஊன்றி இழுத்தேன். கலங்கிய தண்ணீரிலிருந்து மெல்ல மேலே வந்தது. கருப்பு. நீளம். வழவழப்பு. இன்னும் நீளம்.

"மாப்ள" என்றார் சூசை மாமா மேலிருந்து, மிக அமைதியாக. "அது எங்க ஓஸு."

கம்பி விராலின் முதுகுக்கு மேலே போய், பின்னால் இருந்த ஓஸில் நுழைந்து, உள்ளே கொக்கியும் விரிந்துவிட்டிருந்தது. (பழைய ஓஸ், வெயிலில் வெடித்தது. புது ஓஸாக இருந்தால் நுழைந்திருக்காது. இதை ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.) நானும் கம்பியை உருவிவிடலாம் என்று ஓஸைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு முழு பலத்தோடு இழுத்தேன். கம்பி வந்துவிட்டது. ஓட்டை வானத்தைப் பார்த்து நின்றது.

கரண்ட் வந்தது.

நான் அந்த மோட்டாரைக் குறை சொல்ல மாட்டேன். அருமையான மோட்டார். ஓட்டை வழியாகக் கிளம்பிய தண்ணீர் என் மூக்கைத் தடவிக்கொண்டு நேராக மேலே போய், சுவரோரம் நின்றவர்களை வலமிருந்து இடமாக ஒருவர் விடாமல் கழுவியது. பட்டுச்சேலை முதலில். அம்மா அடுத்து. கைபேசிக்காரர்கள் கடைசியில். (அதனால்தான் இந்தச் சம்பவத்துக்கு வீடியோ எதுவும் இல்லை. அதற்கும் எனக்கு ஒருவரும் நன்றி சொன்னதில்லை.) நான் ஓஸை அடக்க அதைக் கட்டிப்பிடித்து இன்னும் இழுத்தேன். அடியில் ஏதோ கழன்றது. பீய்ச்சல் சட்டென்று நின்றது. ஓஸ் துவண்டு என் தோளில் விழுந்தது. கிணற்றுக்கடியில் மோட்டார் மட்டும் யாருக்காகவோ குமுறிக்கொண்டிருந்தது.

சூசை மாமா ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார். திரும்பி வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மோட்டார் கழுத்துல இருந்து ஓஸு கழண்டுருச்சு. மோட்டாரைத் தூக்கணும்னா எரியோட்டுல இருந்து செயின் போட்டுத் தூக்குற ஆளு வரணும். நாளைக்குத்தான் வருவான்" என்றார். பிறகு தோட்டத்தைப் பார்த்தார். வரிசை வரிசையாக மொட்டு கட்டிய மல்லிகை. இன்றைக்கு விட்டால் நாளை மறுநாள்தான் இந்தப் பக்கம் மறுபடி த்ரீ பேஸ்.

ஞானம்மாள் சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னார். "இவனுக்குப் பொண்ணக் குடுத்தா கோயில் கோபுரத்தையும் சாச்சுப்புடுவான். கெளம்புங்க மதினி. எங்க பொழப்பு கெட்டது போதும்."

அம்மா நனைந்த தலையோடு நின்றார்.

அவ்வளவுதான். மூன்றாவது வீடும் போனது. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் நான் செய்வது ஒன்றுதான்: ரோட்டுக்கு வந்து முதலில் வருகிற வண்டியில் ஏறிவிடுவது. ரோடும் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அன்றைக்குக் காலுக்கு ரோடு ஞாபகம் வரவில்லை. இந்தக் கிணற்றை இப்படியே விட்டுவிட்டுப் போனால் நான் நிஜமாகவே குறி தவறியவனாகிவிடுவேன் என்று தோன்றியது.

"தூக்க வேணாம் மாமா. உள்ள போயே மாட்டிருவேன்" என்றேன். "எனக்குத் தெரிஞ்ச வேலையே அதுதான். பீஸை மட்டும் புடுங்கிருங்க."

"கரண்ட் வெளயாட்டு இல்ல மாப்ள."

"அதான் புடுங்கச் சொல்றேன்."

சூசை மாமா மோட்டார் ரூமுக்குள் போய் மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கிக்கொண்டு வந்தார். ஓஸின் மேல் முனையைப் பிடிக்க அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. கட்டைகளை எங்கே வைப்பது என்று பார்த்தார்.

"எங்கிட்டக் குடுங்கப்பா" என்று ஜெயராணி வாங்கி முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கிணற்றுக்குள் குனிந்து என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க மேல வார வரைக்கும் இது எங்கிட்டதான் இருக்கும். போங்க."

எனக்கு அதுவரை யாரும் இவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

துப்பாக்கியிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்களையும் அறுத்தேன். ஒன்றை நீளவாக்கில் கிழித்து, ஓஸின் ஓட்டைமேல் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டேன். மற்றதை இடுப்பில் செருகினேன். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதித்தேன். "ஏலே, வேட்டி பத்திரம்லே!" என்று அம்மா கத்தியது தண்ணீர் காதை மூடும்வரை கேட்டது.

இரண்டு ஆள் ஆழத்தில் மோட்டார் கயிற்றில் தொங்கியது. ஓஸின் வாயை அதன் கழுத்தில் மாட்டுவதற்கே இரண்டு மூச்சு பிடித்தது. பழைய கிளாம்ப் பிளந்து கிடந்ததால், அதற்குப் பதிலாக ரப்பரைச் சுற்றிச் சுற்றி இறுக்க வேண்டியிருந்தது. மூச்சு முட்டும்போதெல்லாம் மேலே வந்தேன். வரும்போதெல்லாம் அதே இடத்தில் ஒரு பச்சைச் சேலை தெரிந்தது. "ஆச்சா?" என்பாள். "இன்னும் செத்த நேரம்" என்பேன்.

கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது அது எனக்கு நேர் எதிரே நின்றது. விரால். உடம்பில் ஒரு கீறல் இல்லை. வாயைத் திறந்து மூடிக்கொண்டு, நான் யார் என்று விசாரிப்பதுபோல என்னைப் பார்த்தது. என் கையில் ஒன்றும் இல்லை. ரப்பர் மோட்டாரின் கழுத்தில், கட்டை படியில். ஆனாலும் பாருங்கள், என் வலது கை தானாக நீண்டது. ஆள்காட்டி விரல் நேராகச் செவுளுக்குப் பின்னால், அந்தப் புள்ளியில் போய் நின்றது. ஒரு நூல் விலகவில்லை. தண்ணீருக்குள் இருந்து பார்த்தால் கைக் கட்சி தவறாது என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? (சாட்சி அந்த விரால் மட்டும்தான் என்பது என் துரதிர்ஷ்டம்.)

மேலே வந்தேன். ஜெயராணி முந்தானையை அவிழ்த்துப் பீஸ் கட்டைகளை எண்ணி அப்பாவிடம் கொடுத்தாள். மாமா சுவிட்சைப் போட்டார். ஓஸ் ஒருமுறை சிலிர்த்து விறைத்தது. நான் சுற்றிய ரப்பர் உப்பியது, தாங்கிக்கொண்டது. தோட்டத்துப் பக்கம் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. சூசை மாமா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார். போகிற போக்கில் என் முதுகில் ஒரு தட்டு தட்டினார். பாராட்டா, அடியா என்று பிரித்துச் சொல்ல முடியாத தட்டு.

அம்மா பையை எடுத்துக்கொண்டார். "போயிட்டு வாரோம் மதினி" என்றார். ஞானம்மாள் சேலையைக் கொடியில் காயப்போட்டுவிட்டு, ஜெயராணியின் நைட்டி ஒன்றில் கம்பீரம் குறையாமல் உட்கார்ந்திருந்தார். தலையை மட்டும் அசைத்தார்.

அப்போது உள்ளேயிருந்து ஜெயராணி வந்து, தரையில் இரண்டு இலையைப் போட்டாள்.

"ஏட்டி, என்னடி பண்ற?" என்றார் அத்தை.

"கொழம்பக் கூட்டச் சொன்னது நீங்கதான அத்தை? கொதிச்சிருச்சு. யாராச்சும் சாப்புடணுமில்ல?"

"மீனு எங்கடி?"

"அது கெணத்துல இருக்கு. கொழம்பு இங்க இருக்கு." சோற்றைப் போட்டு, மல்லித்தூளும் புளியும் மணக்கிற குழம்பை அதன்மேல் ஊற்றினாள். சட்டியில் வெங்காயமும் பூண்டும் தவிர எதுவும் நீந்தவில்லை. பிறகு, தலையிலிருந்து கால்வரை சொட்டிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "உக்காருங்க. மத்ததெல்லாம் நனஞ்சிருச்சு, கை மட்டும் எதுக்குப் பாக்கி?" என்றாள்.

சூசை மாமா வாய்க்காலிலிருந்து திரும்பி வந்து வாசலில் நின்றார். அக்காவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அக்காவை முந்திக்கொண்டு பேசினார்.

"இருக்கட்டும்க்கா. இனிமே மோட்டாரு ரிப்பேருன்னா வெளியாளத் தேட வேணாம்."

"ரிப்பேராக்குறதுக்கும் ஆளத் தேட வேணாம்" என்றார் ஞானம்மாள். ஆனால் எழுந்து போய், அம்மாவின் இலைக்கு அப்பளம் எடுத்துவந்தார்.

மீனில்லாத மீன்குழம்பை நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். தவக்கால வெள்ளிக்கிழமையில் அந்த வீடு அவ்வளவு சுத்தமாகச் சுத்தபோசனம் அனுசரித்தது அன்றைக்குத்தான் இருக்கும். அந்தப் புண்ணியத்தில் பாதியாவது என் கணக்கில் ஏற வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

பாஸ்கு கழிந்து கல்யாணம் நடந்தது. விருந்தில் சூசை மாமா மைக்கை வாங்கினார். அளந்து பேசுகிற மனுஷன், அன்றைக்கு மட்டும் அளவில்லாமல் பேசினார்.

"எம் மருமகன் சுட்ட மீனு அம்பதடி நீளம். கன்னங்கரேல்னு இருக்கும். முள்ளுங்கிற பேச்சே இல்ல. தலை தோட்டத்துல கெடக்கு, வாலு கெணத்துக்குள்ள கெடக்கு. சுட்டும் சாகல. இன்னமும் எங்க பூவுக்குத் தண்ணி கக்கிக்கிட்டு இருக்கு!"

அதிலிருந்து எந்த விசேஷமாக இருந்தாலும் இந்தக் கதை இல்லாமல் பந்தி முடிவதில்லை. புதிதாக வருகிறவர்களைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் ஓஸைக் காட்டுகிறார்கள். என் மகளுக்குப் பேச்சு வந்ததும் அவள் முதலில் கேட்ட கதையும் இதுதான். நானும் சளைக்காமல் ஒவ்வொரு தடவையும் மறுத்துக்கொண்டிருக்கிறேன். போன பாஸ்குவுக்கும் அப்படித்தான். வீடு நிறைய ஆள். ஞானம்மாள் அத்தைகூட நத்தத்திலிருந்து வந்திருந்தார். மாமா அம்பதடியை அறுபதாக்கிச் சொல்லி முடித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்குறி சரிதான்" என்றேன். "நான் சுடுற நேரத்துல மீனு அசஞ்சிருச்சு."

"மீனு அசையவே இல்ல" என்றாள் ஜெயராணி ரசம் ஊற்றிக்கொண்டே. "வச்ச எடத்துலயேதான் நின்னுச்சு. நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன்?"

மறுபடி சிரிப்பு. நான் இலையிலிருந்து தலையைத் தூக்கினேன்.

"நீ மீனப் பாத்தியா? நான் படியில எறங்குனதுல இருந்து நீ எங்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன்னு இம்புட்டுப் பேருக்கு முன்னால சொல்லவா?"

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு "ரசம் கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு, கழுத்துவரை ரசம் இருந்த சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சூசை மாமா அவள் போன வாசலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது பட்டுருச்சு மாப்ள" என்றார்.